என் கைகளில் பூசிய வெயில் எண்ணெய்

வதனி, என் இரண்டு கைகளையும் எரித்தது நீங்கள்தான்.

உங்களைப் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை காலைகளில் தமிழ் வானொலியில் தோல், முடி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறீர்கள். டோர்செட் பார்க் பக்கம் ஒரு பிளாசாவில் அழகுசாதனக் கடை வைத்திருக்கிறீர்கள். உங்கள் உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதால் வதனி என்று எழுதுகிறேன். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

மற்றவர்களுக்கு ஒன்று. தோலில் வெள்ளை படர்ந்தவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். நிறம் திரும்பும், வெயிலில் வேலை செய்யும் என்று சொல்லி விற்ற எண்ணெய்ப் போத்தல் உங்கள் வீட்டில் இருந்தால், இப்போதே எழுந்துபோய் அதை ஒரு பையில் கட்டி வையுங்கள். பூச வேண்டாம். எறியவும் வேண்டாம். ஏன் எறியக்கூடாது என்று பிறகு சொல்கிறேன்.

நான் கனடாவில், மல்வேர்னில் இருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். என் விரல் நுனிகளில் சில வருடங்களுக்கு முன் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. முதலில் பிளீச் பட்டது என்று நினைத்தேன். பிறகு அவை சேர்ந்து பெரிதாகிப் புறங்கை முழுவதும் பரவின. குடும்ப வைத்தியர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், விட்டிலிகோ (வெண்படை, தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் அழிந்துபோகும் நோய், தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை). ஒரு களிம்பு தந்தார். தோல் வைத்திய நிபுணரிடம் பெயர் கொடுத்தார். நிபுணரின் இடத்தில் விளக்கு வெளிச்சம் காட்டும் சிகிச்சை இருக்கிறது, வாரத்தில் பல நாள் வர வேண்டும் என்றார்கள். அவர்கள் தந்த நேரமெல்லாம் நான் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நேரம். போகவில்லை.

என் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு என் கை ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஒரு சின்னப் பெண் என் கையைத் தொட்டுப் பார்த்து, இது மேப்பா என்று கேட்டாள். ஓம், இது கனடா, இது இலங்கை என்று காட்டினேன். ஒவ்வொரு நாளும் ஏறும்போது இலங்கையைத் தொட்டுவிட்டுத்தான் போவாள்.

பெரியவர்கள்தான் பிரச்சினை. ஒரு சாமத்திய வீட்டில், பெரியவளான பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தட்டைத் தூக்கப் போனேன். வீட்டுக்காரப் பெண் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்கள் இருங்கோ அக்கா. வேலையாலை வந்து களைச்சுப்போனியள்."

நான் களைத்துப்போயிருக்கவில்லை. அன்று எனக்கு வேலையே இல்லை. ஆனாலும் இருந்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என்னை யாரும் தட்டுத் தூக்கக் கூப்பிடவில்லை.

போன வருடம் என் மகள் தர்ஷிக்குக் கல்யாணம் சரிவந்தது. பொருத்தமான இடம். மாப்பிள்ளையின் தாயோடு நான் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைத்தேன். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நேரில் சந்தித்த நாளில் நீளக் கைச்சட்டை போட்டு, தேநீர்க் கோப்பையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டிருந்தேன். பரம்பரை நோய் என்று நினைத்துவிட்டால் என் பிள்ளையின் கல்யாணம் குழம்பிவிடும். அந்தப் பயம்தான் எனக்கு.

ஆனால் தாரை வார்ப்பதைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்க முடியாது. தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார். தாய் செம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். அந்த நேரம் மண்டபத்தில் இருக்கும் கமரா எல்லாம் அந்தக் கைகளைத்தான் பார்க்கும். பெரிய திரையிலும் போடுவார்கள்.

என் கணவர் பாலன் கெட்ட மனிதரல்ல. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"இஞ்சாரும், அந்தக் கலியாணக் கையுறை மாதிரி ஏதும் போடேலாதே?"

"நான் என்ன சேர்ச்சிலை நிக்கிற வேதக்கார மணப்பொம்பிளையே?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து கோப்பை கழுவும்போதும் பஸ் கதவு திறக்கும்போதும் என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை. பஸ்ஸைத் துப்புரவாக்க, பஸ்கள் நிறுத்தும் யார்ட்டுக்குப் போயிருந்தேன். ஆட்களில்லாத பஸ்ஸுக்குள் இருந்து வானொலி கேட்டேன். உங்கள் நிகழ்ச்சி, வதனி. யாரோ முடி கொட்டுகிறது என்று கேட்டார், சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னீர்கள். நானும் தொலைபேசி எடுத்தேன்.

"வணக்கம், சொல்லுங்கோ அம்மா, எங்கையிருந்து கதைக்கிறியள்?"

"மல்வேர்னிலை இருந்து. பேர் வேண்டாம்."

"பேர் வேண்டாம். பிரச்சினையைச் சொல்லுங்கோ."

"கையிலை வெள்ளை வெள்ளையாக் கிடக்கு. மகளுக்கு ஆவணியிலை கலியாணம். தாரை வாக்க வேணும்."

"ஐயோ அம்மா, உதுக்கே இவ்வளவு யோசிக்கிறியள்? எங்களிட்டை ஒரு எண்ணெய் இருக்கு. முழுக்க மூலிகை. ஆவணிக்கிடையிலை கை நிறம் திரும்பேல்லையெண்டா என்னை வந்து கேளுங்கோ."

என்னை வந்து கேளுங்கோ. இதை நீங்கள் வானொலியில் ஊரே கேட்கச் சொன்னீர்கள்.

அடுத்த நாளே கடைக்கு வந்தேன். முன் தட்டு முழுவதும் வெள்ளையாக்கும் கிரீம்கள். உள்ளே இருந்து ஒரு மண்ணிறப் போத்தலை எடுத்து வந்தீர்கள். அதில் "வெயில் எண்ணெய்" என்று தமிழில் அச்சடித்த ஒரு சின்ன ஸ்டிக்கர். என்ன கலந்தது, யார் செய்தது, எதுவும் இல்லை. திறந்தால் தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் வாசம். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கனக்கப் பூசலாமோ?" என்று கேட்டேன்.

"எண்ணெய்தானே அக்கா. கனக்கப் பூசினாக் கனக்க வேலை செய்யும். காலமை பூசிப்போட்டு வெயில் படவிடுங்கோ. வீட்டுக்குள்ளை இருந்தாப் பிரயோசனமில்லை."

"நான் பஸ் ஓடுறனான்."

"பிறகென்ன, கையை ஸ்டியரிங்கிலை வைச்சா வெயில் தானா வந்து விழும்."

சிரித்தோம். நீங்கள் எனக்கு ஒரு தேசிக்காய்ச் சோடாவும் தந்தீர்கள்.

காலையில் முழுகித் தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரித்தான் அதை வைத்தேன். உள்ளங்கையில் ஊற்றி, புறங்கையிலிருந்து முழங்கை வரை தேய்த்தேன். கழுவவில்லை. எண்ணெயைக் கழுவினால் வீண் என்று நினைப்பவர்கள் நாங்கள். வெயில் பற்றிய பயம் எனக்குத் துளியும் இருக்கவில்லை. வெயில் சுடுவது வெள்ளைக்காரருக்கு வரும் வருத்தம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சன்ஸ்க்ரீன் என்பது எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

பாலனும் அப்படித்தான். "எங்கடை தோலுக்கு வெயில் சுடுமே? சண்டைக்காலத்திலை வவுனியா வெயிலிலை லைனிலை நிண்ட ஆக்களப்பா நாங்கள்" என்றார்.

இந்த இடத்தில் கவனமாக வாசியுங்கள். வெள்ளை படர்ந்த தோலில் கறுப்பு இல்லை. அங்கே நீங்கள் எந்த வெள்ளைக்காரரையும்விட வெள்ளை. அந்த இடத்துக்கு வெயிலிலிருந்து ஒரு பாதுகாப்பும் கிடையாது. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

சில நாட்களில் வெள்ளை இடங்கள் இளஞ்சிவப்பாயின. உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நிறம் வரத் துவங்கீட்டுது அக்கா. விடாமப் பூசுங்கோ" என்றீர்கள். நான் சந்தோஷப்பட்டேன். பாலனுக்குக் காட்டினேன். தர்ஷிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வெந்துபோகத் தொடங்கிய கையைத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஆனி மாதம் பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே ஒரு பண்ணைக்குப் போனேன். காலையில் வழமையைவிடக் கூடப் பூசினேன். போகும்போதும் வரும்போதும் கண்ணாடியால் வந்த வெயில் கையில் விழுந்துகொண்டே இருந்தது. பகலில் பிள்ளைகள் ஆடு பார்க்கப் போக, நான் பஸ் படியில் இருந்து கையை நீட்டி வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே நீட்டினேன். அன்று எனக்கு எதுவும் நோகவில்லை.

அடுத்த நாள் கை சூடாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலை எழும்பியபோது போர்வை கையோடு ஒட்டியிருந்தது. இழுத்தேன். புறங்கையில் ஒரு பெரிய கொப்புளம் உடைந்து போர்வையோடு போனது. மற்றக் கொப்புளங்கள் முழங்கை வரை ஒன்றோடொன்று சேர்ந்து, மஞ்சள் தண்ணீர் நிரம்பி நின்றன. விரல்கள் வீங்கி மடங்கவில்லை. பாலன் கற்றாழையை வெட்டிக்கொண்டு வந்தார். அது பட்டவுடன் நான் கத்தியதைப் பக்கத்து வீட்டில் கேட்டிருப்பார்கள்.

பக்கத்துக் கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் கையைப் பார்த்துவிட்டு, கொதிநீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். இல்லை, வெயில் என்றேன். "உங்கள் தோலில் வெயில் இப்படிச் சுடுவது அரிது" என்றார். அவருக்கும் எங்கள் வீட்டு நம்பிக்கைதான். ஆனால் உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்து தீக்காயப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

தீக்காயப் பிரிவில் டிப்ரைட்மென்ட் செய்தார்கள் (இறந்த தோலைக் கழுவிச் சுரண்டி எடுப்பது). ஊசி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள். இருந்தும் அந்த வலியை எழுத எனக்குச் சொல் இல்லை. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அதோடு ஒப்பிட மாட்டேன். பிள்ளை பெறும்போது முடிவில் ஒரு பிள்ளை வரும்.

பக்கத்துக் கட்டில்களில் சமையலறை நெருப்பில் எரிந்தவர்கள், வேலைத்தலத்தில் எரிந்தவர்கள். எப்படி எரிந்தது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். நான் எண்ணெய் என்று மட்டும் சொல்வேன். கொதிஎண்ணெய் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தவில்லை.

இடக்கையில் கிருமி தொற்றியது. அதனால் திரும்பவும் சுரண்டினார்கள். தோல் வைத்திய நிபுணர் ஒரு பெண். கட்டில் ஓரத்தில் இருந்து ஆறுதலாக விளக்கினார்.

"இது சாதாரண வெயில் எரிவு இல்லை. உங்கள் தோலில் ஏதோ பூசியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சோரலினாக இருக்கும்" என்றார். சோரலின் (சில செடிகளிலும் பழத்தோல் எண்ணெய்களிலும் இருக்கும் பொருள், தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோலை எரிய வைக்கும்). எரிவு உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வரும். பஸ் கண்ணாடியும் காப்பாற்றாது. அதை எரிய வைக்கும் கதிர் கண்ணாடிக்குள்ளாலும் வரும். இதே பொருளை வைத்தியசாலையில் அளந்து பூசி, கணக்குப் பார்த்து விளக்கு காட்டுவார்களாம். இப்போது பெரும்பாலும் அதையும் விட்டுவிட்டு, இந்தப் பூச்சு வேண்டாத வேறு விளக்குகளுக்குப் போய்விட்டார்களாம். அதைத்தான் நீங்கள் எனக்கு அளவில்லாமல் பூசச் சொன்னீர்கள்.

"போத்தலைக் கொண்டு வாருங்கள். என்ன பொருள், எவ்வளவு என்று தெரிந்தால்தான் இனி என்ன செய்வது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும்" என்றார் வைத்தியர்.

பாலன் தலை குனிந்தார்.

"நான் அதைக் குப்பைக் குழாயிலை போட்டிட்டன். கோவத்திலை போட்டிட்டன்."

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் குப்பை போடும் குழாய் இருக்கிறது. அதில் போட்டது திரும்பி வராது. எறிய வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் போத்தல். பாலனை நான் ஏசவில்லை. அவர் அன்று வைத்தியசாலை வாகனத் தரிப்பிடத்தில் போயிருந்து அழுதார் என்று தர்ஷி பிறகு சொன்னாள்.

இன்னொரு போத்தல் வாங்கி வர தர்ஷி உங்கள் கடைக்கு வந்தாள். அவள் யார் என்று தெரியாமல் முதலில் விலை சொன்னீர்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அவள் சொன்னதும் போத்தலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டீர்கள். அப்போது நீங்கள் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள்.

"அம்மா, that lady சொல்லுறா, உது வெள்ளைப் பிள்ளையள் கெதியாக் கறுக்கப் பூசிற எண்ணெயாம். Tanning oil. பெரிய பிளாஸ்டிக் கானிலை வருதாம். அதுக்குள்ளை கார்போகரிசி எண்ணெயும் கலக்கிறதாம், வெண்படைக்கு நல்லதாம். அவையளுக்கெல்லாம் கறுக்குதாம், உங்களுக்கு மட்டும் ஏன் எரிஞ்சதெண்டு தெரியாதாம். அம்மா, she was blaming your skin."

என் தோலில்தான் பிழையாம்.

வெயிலில் சீக்கிரமாகக் கறுக்கப் பூசும் எண்ணெய். அதற்குமேல் இன்னொரு எண்ணெய், வைத்தியர் சொன்னபடி அதிலும் சோரலின். இரண்டையும் கலந்து, ஒரு தமிழ் ஸ்டிக்கர் ஒட்டி, கறுப்பே இல்லாத தோலில் பூசக் கொடுத்திருக்கிறீர்கள். முன் தட்டில் வெள்ளையாக்கும் கிரீம், பின் அறையில் கறுப்பாக்கும் எண்ணெய்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்பிடியொரு எண்ணெய் நாங்கள் விக்கிறதில்லை அக்கா. நீங்கள் வேறை எங்கையோ வாங்கியிருப்பியள்" என்றீர்கள். இன்னும் அக்கா என்றுதான் சொன்னீர்கள்.

அரசாங்கச் சுகாதாரத் துறைக்கு முறைப்பாடு செய்தோம். தர்ஷிதான் எல்லாம் எழுதினாள். ஒரு அதிகாரி திரும்பத் தொலைபேசி எடுத்தார். பண்பாகப் பேசினார். பொருளின் பெயர் என்ன, தயாரித்தவர் யார், போத்தல் இருக்கிறதா என்று கேட்டார்.

போத்தல் இல்லை, பெயரே போடாமல்தான் விற்றார்கள் என்றேன். கடைக்குப் போவீர்களா என்று கேட்டேன். அதை என்னிடம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லையாம். சோதித்தால் முடிவை எனக்குச் சொல்வீர்களா என்றேன். அதையும் சொல்ல முடியாதாம்.

"அப்படியானால் விற்கும் முன்னாவது யாராவது பார்த்திருக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

அழகுசாதனப் பொருளை விற்கும் முன் யாரும் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை என்றார். விற்பவர்தான் பாதுகாப்புக்குப் பொறுப்பு. விற்கத் தொடங்கிய பிறகு என்ன கலந்திருக்கிறது என்று அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவர்களை யாராவது முறையிட்டால்தான் தெரியவரும். நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்றால் சட்டம் வேறு. அதற்கு அனுமதி வேண்டும், பெட்டியில் எட்டு இலக்கம் கொண்ட ஒரு எண் இருக்க வேண்டும்.

இதை வாசிப்பவர்கள் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். குணமாக்கும் என்று சொல்லி விற்கும் போத்தலில் அந்த எண் இல்லையென்றால் அதைத் தோலில் வைக்க வேண்டாம். கறுக்க வைக்கும் எண்ணெய், கறுக்க வைக்கும் குளிசை, மூக்கில் அடிக்கும் மருந்து என்று இணையத்தில் நிறைய விற்கிறார்களாம். எங்கள் ஆட்கள் நிறத்துக்காக வாங்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வெண்படைக்காக வாங்குகிறார்கள். என்னைப் போல மறைத்து வாங்குகிறார்கள். மறைத்து வாங்குபவர்கள் முறையிட மாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, வதனி.

கல்யாணத்துக்கு முன் வீட்டில் பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிப் பழகினேன். வலக்கை கொஞ்சம் பிடித்தது. இடக்கை விரல்கள் மூடவில்லை. தண்ணீர் நிரப்பினால் குடுவை விழுந்தது. பாதி நிரப்பினாலும் விழுந்தது. தர்ஷி தரையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, it's okay, விடுங்கோ" என்றாள். நான் விடவில்லை. கட்டு நனைந்து தாதி ஏசும் வரை பழகினேன்.

கல்யாண நாளில் கட்டுக்குமேல் இறுக்கமான கையுறை போட்டிருந்தேன். தழும்பு தடிக்காமல் இருக்கப் போடுவது. தோல் நிறம் என்று சொல்லித் தந்தார்கள். அது யாருடைய தோலின் நிறம் என்று எனக்கு இன்றும் தெரியாது. பாலன் தர்ஷியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் நிற்க வேண்டிய இடத்தில் பாலனின் அக்கா நின்று செம்பைச் சரித்தார். மச்சாள் நல்ல மனுஷி. என்னைப் பார்த்து அழுதுகொண்டே சரித்தார்.

தர்ஷி முதல் நாளே சொல்லியிருந்தாள், "அம்மா, நீங்கள் என்ரை முழங்கையிலை கை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று. வைத்தேன். கையுறைக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை. என் பிள்ளையின் கை சூடா குளிரா என்று தெரியவில்லை. தொட்டேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரம் மாப்பிள்ளையின் தாய் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். சோற்றைக் குழைத்து எனக்கு ஊட்டினார். கை முடியாதவளுக்குப் பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி. நான் மறுக்கவில்லை. பிறகு காதுக்குள் கேட்டார்.

"அக்கா, வைகாசியிலை றேடியோவிலை கதைச்சது நீங்கள்தானே?"

வாயில் சோறு இருந்தது. அதோடேயே கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடி..."

"எத்தினை மணித்தியாலம் போனிலை கதைச்ச நாங்கள். குரல் தெரியாதே? வீட்டிலை எல்லாருமாத்தான் கேட்டனாங்கள். அண்டைக்கே மகன் சொன்னவன், மாமி பாவம் அம்மா, ஒண்டும் கேட்டு வைக்காதேங்கோ எண்டு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பேர் வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். நான் எப்பிடிக் கேக்கிறது? மரியாதை இல்லையே."

அவர்களுக்கு நான் வானொலியில் பேசிய நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் என் பிள்ளையை எடுத்தார்கள். நான் போத்தலைத் திறக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். இரண்டு வீட்டாரின் மரியாதைக்கும் நடுவில் என் கை வெந்திருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தை நீட்டினார். என்னால் சாப்பிட முடியவில்லை.

வெண்படை இருப்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்காரரிடம், சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனால் போகட்டும். எரிந்த கையோடு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் வதனி, இதை உங்களுக்குச் சாதகமாக எடுக்க வேண்டாம். நான் பயந்தேன், மறைத்தேன். அதற்காக என்னை எரிக்க உங்களுக்கு உரிமை வரவில்லை.

இப்போது புண் ஆறிவிட்டது. ஆறிய இடமெல்லாம் முதலில் சிவப்பாக வந்து, பிறகு வெள்ளையாகிவிட்டது. கோப்னர் விளைவு என்றார் வைத்தியர் (காயம் பட்ட இடத்தில் அதே தோல் நோய் புதிதாகத் தோன்றுவது). முன்பு என் கையில் கனடாவும் இலங்கையும் இருந்தன. இப்போது முழங்கை வரை ஒரே வெள்ளை. இடக்கையின் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. பஸ் ஓட்ட விடுவார்களா என்று இன்னும் முடிவாகவில்லை. தோல் புற்றுநோய் வருகிறதா என்று இனி வாழ்நாள் முழுவதும் பார்க்க வேண்டுமாம். எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டேன். "அந்த எண்ணெயில் என்ன, எவ்வளவு இருந்தது என்று சரியாகத் தெரிந்தால் சொல்வேன்" என்றார் வைத்தியர். ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறார்.

எனக்கு நாளும் நேரமும் மாறிவிட்டன. காலையில் எழும்பியதும் மணி பார்ப்பதில்லை. வெயிலின் கடுமை எத்தனை என்று கைபேசியில் பார்க்கிறேன். அது கூடிய நாள் என் நாள் இல்லை. திரைச்சீலையை மூடிவிட்டு உள்ளே இருக்கிறேன். கோடை வந்தால் இந்த ஊரே தெருவில் நிற்கிறது, நான் பனிக்காகக் காத்திருக்கிறேன். முன்பு பனிக்காலத்தைத் திட்டாத நாளில்லை. இப்போது அது எனக்குப் பிடிக்கிறது. எல்லோரும் கையுறை போடுகிறார்கள். பஸ் நிலையத்தில் என்னை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

என் கை என்னுடையது போல இல்லை. தண்ணீர் சூடா என்று முகத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். தர்ஷி வந்தால் அவள் கன்னத்தை என் கன்னத்தில் வைத்துக்கொள்கிறேன். கையால் தொட்டால் எதுவும் சரியாகத் தெரிவதில்லை.

போன மாதம் உங்கள் நிகழ்ச்சி கேட்டேன். "மூலிகைச் சூரிய தைலம்" என்று ஒன்றைப் பற்றிச் சொன்னீர்கள். வெண்படைக்கு நல்லது, வெயிலில் வேலை செய்யும் என்றீர்கள். ஒரு தாய் அழைத்து, தன் மகனுக்குப் பூசலாமா, அவனுக்கு ஏழு வயது என்று கேட்டார். ஓம் என்றீர்கள்.

நான் உடனே எடுத்தேன். "மல்வேர்னிலை இருந்து கதைக்கிறன்" என்றேன். இந்தமுறை என் பெயரையும் சொன்னேன். லைன் வெட்டுப்பட்டது. அடுத்த சனிக்கிழமையும் எடுத்தேன். வெட்டுப்பட்டது. இப்போது என் எண்ணிலிருந்து எடுத்தால் மணியே அடிப்பதில்லை.

அந்த வானொலியை நடத்துபவர்களுக்கும் சொல்கிறேன். இது உங்கள் அலைவரிசையில் நடந்தது. நேரத்தை விற்றோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல வேண்டாம். என் அழைப்பைத் திறந்து விடுங்கள்.

வதனி, கை நிறம் திரும்பவில்லையென்றால் வந்து கேட்கச் சொன்னீர்கள். எல்லோரும் கேட்கத்தான் சொன்னீர்கள். திரும்பவில்லை. வரும் சனிக்கிழமை காலை நான் எடுப்பேன். வெட்டாதீர்கள். அந்தத் தாயும் கேட்டுக்கொண்டிருப்பார், என் வைத்தியருக்கும் நான் சொல்ல வேண்டும். அதே நிகழ்ச்சியில், அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அந்தப் போத்தலில் என்ன இருந்தது?